வழிந்த பெயிண்டும் வாங்குபவரின் உரிமையும்



பழைய வண்டியை விற்பதற்கு முன் அதற்குப் புதுப்பூச்சுக் கொடுப்பது நம்மிடையே சாதாரண வழக்கம். மார்க்கம் இதைத் தடுக்கவில்லை. விற்கும் பொருளைத் துடைத்து, பழுது நீக்கி, பார்வைக்கு நன்றாக வைப்பதில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் ஒருவரைப் பற்றி, 'பட்டி டிங்கரிங் பார்த்துத் தள்ளிவிட்டார்' என்று ஊரார் பேசும்போது அந்தச் சொல்லில் பாராட்டு இருப்பதில்லை. சீர்செய்வது எங்கே முடிகிறது, மறைப்பது எங்கே தொடங்குகிறது? எங்கள் வாப்பாவின் வேனுக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடித்து, கதவில் வழிந்த தடங்களைச் சரிசெய்த நாட்களில் இந்தக் கேள்வியை நாங்கள் நேராகவே எதிர்கொண்டோம். அந்த வேலையின் விவரமும் அதிலிருந்து எழுந்த சிந்தனையும் பிறருக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறோம்.

நாற்பது பங்கு கொண்ட வண்டி

வாப்பா (அல்லாஹ் அவர்களின் கப்ரை விசாலமாக்குவானாக) ஜவுளி வியாபாரத்திற்காக வைத்திருந்தது ஒரு வெள்ளை நிற மாருதி ஆம்னி. காயல்பட்டினத்தின் உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. பக்கக் கதவின் அடிவிளிம்பிலும் சக்கரத்தின் மேல்வளைவிலும் துரு ஏறியிருந்தது.

ஒருவர் மரணித்தால் அவர் விட்டுச் சென்றதிலிருந்து முதலில் அடக்கச் செலவும், பிறகு கடனும், பிறகு மூன்றில் ஒரு பங்கிற்கு மிகாத வஸிய்யத்தும் நீக்கப்பட வேண்டும். அதன் பின்னரே வாரிசுகளுக்குப் பங்கு. வாப்பா வஸிய்யத் எதுவும் செய்யவில்லை. மொத்த வியாபாரி ஒருவருக்கு 52,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. கையிருப்பு அடக்கச் செலவோடு தீர்ந்துவிட்டபடியால் வண்டியை விற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கடன் போக மிஞ்சுவது உம்மாவுக்கும், ஆண்மக்கள் இருவருக்கும், தங்கைக்கும் உரியது. பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் மகனுக்கு மகளைப் போல் இரு மடங்கு. கணக்கிட்டால் மொத்தம் நாற்பது பங்கு ஆகிறது: உம்மாவுக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. ஆகவே அந்த வண்டியின் எந்த ஓர் அங்குலமும் எங்களில் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதன்று. பிரிக்கப்படாத சொத்தில் ஒருவர் தம் விருப்பப்படி செலவு செய்துவிட முடியாது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் தாய்வீட்டிலேயே இருப்பதும் ஆண்பிள்ளைகள் மணமுடித்து மனைவியின் வீட்டிற்குச் செல்வதும் வழக்கம் என்பதால், வண்டி நின்றது உம்மாவும் தங்கையும் இருக்கும் வீட்டின் முற்றத்தில்தான். இத்தா இருந்த உம்மாவிடமும் தங்கையிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே வேலையைத் தொடங்கினோம். பெயிண்ட், தின்னர், கம்ப்ரசர் வாடகை எல்லாம் சேர்த்து ஆன 6,400 ரூபாயைச் சொத்திலிருந்து எடுக்காமல், ஆண்மக்கள் இருவரும் ஏற்றுக்கொண்டோம்.

இடையில் அலுவலக வேலையும் இருந்தது. இறந்தவர் பெயரிலுள்ள வண்டியை அப்படியே விற்க முடியாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 31 கொடுத்து, முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு, மரணம் நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் அவகாசம் உண்டு. பதிவுச் சான்றில் வண்டியின் நிறமும் குறிக்கப்பட்டிருப்பதால் அதே வெள்ளையையே தேர்ந்தெடுத்தோம்.

முற்றத்தில் அடிக்கக்கூடியது, கூடாதது

இன்று பட்டறைகளில் பெரும்பாலும் அடிப்பது ஹார்டனர் கலந்த பி.யு. பெயிண்ட். பளபளப்பும் உறுதியும் அதிகம். ஆனால் அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்னும் இரசாயனம் மூச்சில் கலந்தால் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே செலுத்தும் முகக்கவசமும் தனி அறையும் இல்லாமல் அதைத் தெளிப்பது தனக்கும் அண்டை வீட்டாருக்கும் செய்யும் தீங்கு. எனவே தின்னர் ஆவியாவதால் மட்டுமே உலரும் என்.சி. பெயிண்டையே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இதற்கும் எச்சரிக்கை தேவை. தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும். அருகில் அடுப்போ பீடி நெருப்போ இருக்கக் கூடாது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. இரசாயன ஆவியை வடிகட்டும் கேட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும். பக்கத்து வீட்டார் கொடியில் துணி காயவைத்திருக்கும் நேரத்தில் அடிக்காமல், முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அண்டை வீட்டாரின் உரிமையை நமக்கு எவ்வளவு வலியுறுத்திச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இது பெரிய சிரமமாகத் தோன்றாது.

கைகால் சுத்தமும் இதோடு சேர்ந்ததே. உலர்ந்த பெயிண்ட் தோலின்மேல் படலமாக ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தடுக்கும். அப்படலத்தோடு செய்யும் உளூ நிறைவேறாது. படலம் நீங்கி வெறும் நிறம் மட்டும் தங்கியிருந்தால் அது தடையாகாது. கையுறை அணிந்து வேலை செய்ததால், அஸருக்கு பாங்கு சொன்ன பிறகு தின்னரைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் நிலை எங்களுக்கு வரவில்லை.

பெயிண்ட் ஏன் வழிகிறது?

செங்குத்தான பரப்பில், தாங்கக்கூடியதைவிட அதிகமான ஈரம் சேர்ந்தால் பெயிண்ட் கீழ்நோக்கி இறங்குகிறது. கண்ணீர்த்துளி போல ஒற்றைக் கோடாக இறங்குவதும் உண்டு. திரைச்சீலை மடிப்பைப் போல அகலமாகத் தொங்குவதும் உண்டு. ஸ்ப்ரே கன்னை மிக அருகில் பிடிப்பது, கையை மெதுவாக நகர்த்துவது, பக்கவாட்டில் கை திரும்பும் இடத்தில் விசையை விடாமல் அழுத்திப் பிடிப்பது, தின்னரை அதிகம் கலப்பது, முதல் பூச்சு சற்று உலர்வதற்குள் அடுத்ததை அடிப்பது ஆகியவை பொதுவான காரணங்கள். கன்னுக்கும் தகட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். பூச்சுகளுக்கு இடையே பத்துப் பதினைந்து நிமிடமாவது விட வேண்டும்.

கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. புழுக்கமான நாளில் என்.சி. பெயிண்ட் அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு மங்கி வெளுத்துவிடும். அதைத் தவிர்க்க மெதுவாக உலரும் ரிடார்டர் தின்னரைச் சிறிது சேர்ப்பார்கள். அப்போது வெளுப்பு நீங்கும். ஆனால் பெயிண்ட் கூடுதல் நேரம் ஈரமாகவே நிற்பதால் வழிவதற்கும் வாய்ப்பு கூடும். ஐப்பசி மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அடித்த எங்கள் வண்டியின் பக்கக் கதவில், மூன்றாம் பூச்சின்போது இரண்டு தடங்கள் இறங்கின. ஒன்று விரல் நீளத்துக்கு ஒற்றைக் கோடு. மற்றொன்று கதவின் மடிப்புவரையை ஒட்டித் தொங்கிய அகலமான மடிப்பு.

வழிந்ததைச் சமன்செய்யும் முறை

வழிவதைக் கண்டதும் துணியால் துடைக்கவோ விரலால் தடவவோ கை துடிக்கும். அப்படிச் செய்தால் விரல் நீளப் பழுது உள்ளங்கை அளவாகிவிடும். ஈரமாக இருக்கும்போது விட்டுவிடுவதே நல்லது. துளி திரண்டு நிற்கும் நுனியை மட்டும் மெல்லிய தூரிகையால் ஒற்றியெடுக்கலாம். அதற்கு மேல் தொடக்கூடாது.

அடுத்தது காத்திருப்பு. என்.சி. பெயிண்ட் சிறிது நேரத்திலேயே தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்துவிடும். ஆனால் வழிந்த தடம் கனமானது. மேல்தோல் உலர்ந்தாலும் உள்ளே மென்மையாகவே இருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் பெயிண்ட் பிய்ந்து வரும். பிய்யாமல் சமனாக்கிவிட்டாலும், பிறகு உட்பகுதி உலர்ந்து சுருங்கும்போது அந்த இடம் பள்ளமாகிவிடும். நாங்கள் பத்து நாள் விட்டோம். நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத நிலை வந்த பிறகே கை வைத்தோம்.

வேலையின் சாரம் ஒன்றுதான்: எது மேலே நிற்கிறதோ அதை மட்டும் குறைக்க வேண்டும், சுற்றியுள்ள நல்ல பூச்சைத் தொடக்கூடாது. தொழிற்சாலையில் அடிக்கும் பூச்சுகள் எல்லாம் சேர்ந்தாலே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால், தேய்ப்பதற்கு எவ்வளவு குறைந்த இடம் நம்மிடம் இருக்கிறது என்பது விளங்கும்.

தடத்தின் இரு பக்கமும் அதை ஒட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டினோம். தடத்தின்மேல் பென்சிலால் குறுக்குக் கோடுகள் இட்டோம். சவரப் பிளேடை ஏறக்குறைய செங்குத்தாகப் பிடித்து, வெட்டாமல், சுரண்டும் விதமாக இழுத்து மேட்டைக் குறைத்தோம். டேப்பின் உயரத்துக்குத் தடம் இறங்கியதும் டேப்பை நீக்கிவிட்டு, சிறிய மரக்கட்டையில் 1000 எண் வாட்டர் பேப்பரைச் சுற்றி, சோப்புக் கலந்த தண்ணீரில் நனைத்துத் தேய்த்தோம். வெறும் விரலால் தேய்க்கக்கூடாது. விரல் அழுந்தும் இடத்தில் வாய்க்கால் விழும். பிறகு 1500, 2000 என்று படிப்படியாக நயமான தாளுக்கு மாறினோம். அவ்வப்போது துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். மங்கலுக்கு நடுவே பளபளப்பாகத் தெரியும் இடம் இன்னும் பள்ளம் என்று பொருள். எல்லாம் ஒரே சீராக மங்கிய பிறகு ரப்பிங் காம்பவுண்ட், இறுதியாகப் பாலிஷ். முதல் தடம் இருந்த இடத்தைக் கையால் தடவியும் கண்டுபிடிக்க முடியவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டாவது தடம் அப்படி அடங்கவில்லை. தகட்டின் மடிப்புவரைகளில் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். மடிப்பு சமனாகிவரும் வேளையில், அதன் விளிம்பில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பிரைமரின் சாம்பல் நிறம் எட்டிப்பார்த்தது. அந்நிறம் தெரிந்துவிட்டால் பாலிஷ் போடுவதில் பயனில்லை. மீண்டும் பெயிண்ட் அடிப்பதே வழி.

ஸ்டிக்கர் யோசனை

அந்த நேரத்தில்தான் பழைய வண்டிகளை வாங்கி விற்றுத்தரும் தரகர் ஒருவர் பார்வையிட வந்தார். இவ்வளவு சிறிய இடத்துக்காக மறுபடியும் கம்ப்ரசர் வாடகை கொடுக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி. அதன்மேல் 'மாஷா அல்லாஹ்' ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டால் போதும், பார்வைக்கும் அழகாக இருக்கும் என்றார். அடிவிளிம்பில் துருவைச் சுரண்டிப் பட்டி வைத்திருப்பதையும் வாயைத் திறந்து சொல்ல வேண்டாம், வாங்குபவர் பார்த்துத்தானே வாங்குகிறார் என்றும் சேர்த்துச் சொன்னார். அவருடைய அனுபவத்தில் அது வழக்கமான வியாபாரம். கடன்காரருக்குச் சொன்ன தவணை நெருங்கிக்கொண்டிருந்ததால் அந்த யோசனை எங்கள் காதில் இனிமையாகவே விழுந்தது.

உள்ளறையிலிருந்து உம்மா கேட்டது ஒரே கேள்வி: "அல்லாஹ் பேரைக் கொண்டா ஓட்டையை அடைப்பீங்க?"

மதீனாவின் கடைவீதியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நாம் எல்லோரும் பயான்களில் கேட்டிருக்கிறோம். தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. விசாரித்தபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்பவர். மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இச்செய்தியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தானியம் நனைந்ததற்காக அந்த வியாபாரி கண்டிக்கப்படவில்லை; மழை அவர் கையில் இல்லை. நனைந்தது அடியிலும் உலர்ந்தது மேலுமாக இருந்த அந்த வைப்புமுறையே கண்டிக்கப்பட்டது.

வண்டிக்கும் இதுவே பொருந்தும். துரு ஏறியது உப்புக்காற்றால். பெயிண்ட் வழிந்தது புழுக்கத்தால். அவற்றைச் சீர்செய்வது நல்ல செயலே. ஆனால் மேலே புதுப்பூச்சும் அடியில் பட்டியும் இருக்கும் கதவு, வாங்குபவர் கண்ணுக்கு அந்தத் தானியக் குவியல்தான். அவர் கையை உள்ளே விட்டுப் பார்க்க முடியாது. எனவே நம் நாவுதான் அவருக்குக் கையாக இருக்க வேண்டும். தெரிந்த குறையை மறைத்து விற்றால், பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்றே ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்னும் வாதம், அறிந்தே மறைத்தவரை விடுவிப்பதில்லை.

ஸ்டிக்கர் வாங்கவில்லை. கதவின் கீழ்ப்பாதியை நயமான தாளால் தேய்த்து, சாம்பல் தெரிந்த இடத்தில் பிரைமர் வைத்து, வெயில் ஏறி ஈரம் குறைந்த ஒரு முற்பகலில் மெல்லிய பூச்சுகளாக மீண்டும் அடித்தோம்.

சொன்னதும் கிடைத்ததும்

ஆறுமுகநேரிப் பக்கத்திலிருந்து பேக்கரிப் பொருட்கள் விநியோகிக்கும் ஒருவர் வண்டி பார்க்க வந்தார். 78,000 ரூபாய் கேட்டிருந்தோம். அவர் விலை பேசத் தொடங்கும் முன் நான்கு செய்திகளைச் சொன்னோம். பக்கக் கதவின் அடிவிளிம்பில் துருவை நீக்கிப் பட்டி வைத்திருக்கிறது. இரண்டொரு மழைக்காலம் கழித்து அங்கே குமிழ் எழலாம். பெயிண்ட் வீட்டில் அடித்தது. முதல் தடம் இருந்த இடத்தில் பூச்சு மெலிந்திருப்பதால் பாலிஷ் கடையில் அங்கே இயந்திரத்தை அழுத்த விடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது என்.சி. பெயிண்ட், இதன்மேல் நேரடியாக பி.யு. பெயிண்ட் அடித்தால் அடிப்பூச்சு சுருங்கிக் கிளம்பக்கூடும், ஆகவே பின்னாளில் பட்டறைக்குக் கொண்டுபோனால் பெயிண்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த நான்கில் எதுவும் அவர் கண்ணால் கண்டுபிடிக்கக்கூடியதன்று. குறையைச் சொல்வது பேணுதலுக்கான சடங்கு அன்று என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெளிவாயிற்று. வண்டியோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டிய அமானிதம் அது. அந்தச் செய்திகள் இல்லாமல் போயிருந்தால், நாளை ஒரு பாலிஷ் கடையில் அவருக்கு வீண் செலவு ஏற்பட்டிருக்கும். அதற்கான காரணமும் அவருக்குத் தெரிந்திருக்காது.

அவர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "இதெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்களே பாய்" என்றார். பிறகு அந்தக் கதவுக்காக 3,000 ரூபாய் குறைக்கச் சொன்னார். குறைகளைக் கேட்டவர் விலையைக் குறைப்பது நியாயமே. ஆனால் அந்த 3,000 எங்களில் ஒருவருடைய பணம் அன்று. நாற்பது பங்கில் ஒவ்வொன்றிலும் 75 ரூபாய் அதில் அடங்கியிருந்தது. உம்மாவுக்கு 375, தங்கைக்கு 525. உள்ளே சென்று கேட்டோம். இருவரும் தயங்காமல் சம்மதித்தார்கள். தன் பங்கை மட்டும் பணயமாக வைத்து நேர்மையாக இருப்பது எளிது. பிறர் பங்கையும் குறைக்கக்கூடிய இடத்தில் அவர்களையும் கேட்டுக்கொள்வது அந்த நேர்மையின் ஒரு பகுதி என்று கருதுகிறோம்.

75,000 ரூபாயில் கடன் 52,000 அன்றே சென்று சேர்ந்தது. மீதி 23,000. பங்கு ஒன்றுக்கு 575 ரூபாய் வீதம் உம்மாவுக்கு 2,875, தங்கைக்கு 4,025, மகன்களுக்குத் தலா 8,050. பெரிய தொகை எதுவுமில்லை. ஆனால் அதில் யாருடைய ஏமாற்றமும் கலந்திருக்கவில்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் ஹதீஸ்களில் படிக்கிறோம். பரக்கத் என்பது ரூபாய்க் கணக்கில் தெரிவதில்லை. வாப்பாவின் கடனைத் தீர்த்த பணம் தூய்மையானது என்ற மனநிறைவோடு அவர்களுக்காகக் கையேந்த முடிவதையே நாங்கள் அதன் முதல் அடையாளமாகக் காண்கிறோம்.

சகோதரர்களே, பழைய வண்டியோ வீடோ தையல் இயந்திரமோ எதுவாயினும், விற்கும் முன் அழகுபடுத்துங்கள். பழுதைப் பொறுமையோடு சரிசெய்யுங்கள். பிறகு, வாங்குபவரின் இடத்தில் நாம் இருந்தால் எதையெல்லாம் அறிய விரும்புவோமோ அதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் அவர் மனம் ஒப்பி வாங்கினால் அது ஹலாலான வியாபாரம். சொல்ல நாணும் அளவுக்கு ஒரு குறை இருக்குமானால், அதைச் சரிசெய்யும் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

நம் கொடுக்கல் வாங்கல்களை அல்லாஹ் தூய்மையாக்குவானாக! நம்மை முந்திச் சென்ற பெற்றோர்களின் கடன்களை நிறைவேற்றும் நற்பேற்றை நமக்குத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.